பதின்வயதுக் கர்ப்பம்: உடலின் பங்கு எவ்வளவு, தாமதத்தின் பங்கு எவ்வளவு?

செவிலிமாணவி

19 வயதுக்குள் கர்ப்பம் என்றால் உடனே அட்டையில் "ஹை ரிஸ்க்" என்று எழுதிவிடுகிறோம். 14 வயதுச் சிறுமிக்கும் அதே முத்திரை, 19 முடியப்போகும் பெண்ணுக்கும் அதே முத்திரை. பாடத்தில் ரத்தசோகை, பிபி, வலிப்பு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, அடைபட்ட பிரசவம் (குழந்தை வழியில் சிக்கி இறங்காமல் நிற்பது) என்று பட்டியல் இருக்கிறது. எது ஏன் வருகிறது என்ற விளக்கம்தான் இல்லை. வளராத உடலால் வருவது எது, செக்கப்புக்குத் தாமதமாக வருவதால் வருவது எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முதல் விசிட்டில் தவறவே கூடாதவை எவை என்றும் சொல்லுங்கள்.

---

எண்கணி

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரையுள்ள தாய்மாரை 20–24 வயதினரோடு ஒப்பிடுகிறது. வலிப்பு வரை போகும் பிபி சிக்கல், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் தொற்று, உடல் முழுக்கப் பரவும் தொற்று ஆகியவை இளையவர்களுக்கு அதிகம். அவர்கள் பெறும் குழந்தைகளுக்கு எடைக்குறைவும் குறைப்பிரசவமும் பிறந்த சில நாட்களில் வரும் கடுமையான சிக்கல்களும் அதிகம்.

இதைச் சொன்னதும் ஒரு வாதம் வரும்: "இதெல்லாம் வறுமை, படிப்பின்மை, செக்கப் இல்லாமை ஆகியவற்றால் வருபவை, வயதுக்குப் பங்கில்லை." பாதி உண்மை. 1995-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 13 முதல் 24 வயது வரை, எல்லாமே முதல் குழந்தை. திருமணமானவர்கள், வயதுக்கேற்ற படிப்பு உள்ளவர்கள், செக்கப் ஒழுங்காகப் போனவர்கள் என்று வடிகட்டிய பிறகும் 17 மற்றும் அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு 20–24 வயதினரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. சமூகக் காரணங்களைக் கழித்த பிறகும் மிஞ்சும் இந்தப் பகுதிதான் உடலின் பங்கு.

ஆனால் அந்தப் பங்கு எல்லா வயதிலும் ஒரே அளவு இல்லை. 18, 19-ல் சிறிது. 15-க்குக் கீழே போகப் போக ஏறும். பிறந்த தேதியைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: வயதுக்கு வந்து எத்தனை வருடம் ஆகிறது? பூப்பெய்தி இரண்டு வருடத்துக்குள் கருத்தரித்தால் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் கூடுகின்றன. 11-ல் பூப்பெய்திய 16 வயதுப் பெண்ணும், 15-ல் பூப்பெய்திய 16 வயதுப் பெண்ணும் அட்டையில் ஒன்று. உடலளவில் ஒன்றல்ல. அட்டையில் இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதப் பழகுங்கள்.

---

மருதாணி

மகப்பேறு மருத்துவம் பார்ப்பவளாக பிபியிலிருந்து தொடங்குகிறேன். உயிரைப் பறிப்பதில் முன்வரிசை அதற்குத்தான்.

தலைப்பிரசவம் என்பதே பிபி சிக்கலுக்கு ஒரு காரணம். பதின்வயதில் பெரும்பாலும் தலைப்பிரசவம்தான். அடுத்தது அளக்கும் முறையில் வரும் கோளாறு. ஒல்லியான கைக்கு பெரியவர்களுக்கான வழக்கமான கஃப்பை (பிபி அளக்கச் சுற்றும் பட்டையை)ச் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மேல்கையின் சுற்றளவு 22–26 செ.மீ. என்றால் சிறிய கஃப் வேண்டும், 27–34 செ.மீ.க்குத்தான் வழக்கமான கஃப். டேப் வைத்து ஒருமுறை அளந்து, எந்த கஃப் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்திருக்க, கால் மேல் கால் போடாமல், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். நடந்து வந்த கையோடு அளந்த எண்ணை நம்பக் கூடாது.

மூன்றாவது, ஆரம்ப எண். இந்த வயதில் 96/58 என்பது சர்வசாதாரணம். அவளுக்கே 34-வது வாரத்தில் 134/86 வந்தால், 140/90-ஐத் தொடவில்லை என்று "நார்மல்" போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நோய் என்று பெயர் வைக்க 20 வாரத்துக்குப் பிறகு நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை 140/90 அல்லது அதற்கு மேல் வேண்டும், சரி. ஆனால் அவளுடைய சொந்த எண்ணிலிருந்து இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் சிறுநீரில் புரதம், பிளேட்லெட், கல்லீரல் என்சைம், கிரியேட்டினின் பார்த்து, இரண்டு மூன்று நாளில் திரும்ப வரச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் வா என்று சொல்லும் எண் அது இல்லை.

இங்கேதான் தாமதத்தின் பங்கு தெரியும். ஏழாம் மாதத்தில் முதல் முறை வருகிற பெண்ணிடம் ஒப்பிடுவதற்கு அந்த ஆரம்ப எண்ணே இருக்காது.

அபாய அறிகுறிகளை அவளிடமும் கூட இருப்பவரிடமும் சொல்லி, திரும்பச் சொல்லவைக்க வேண்டும்: விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது பூச்சி பறப்பதுபோல் தெரிவது, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது. நெஞ்சுக்குழி வலியை "கேஸ்" என்று நினைத்து மருந்து விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வது எல்லா வயதிலும் நடக்கிறது. இளையவர்களிடம் இன்னும் அதிகம், ஏனென்றால் சொல்லவே தயங்குவார்கள்.

---

செவிலிமாணவி

நன்றி மேடம். கஃப் அளவு பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. வலிப்பு வந்துவிட்டால் சிறிய மையத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? பதின்வயதுக் கர்ப்பம் என்றாலே பிபி சிக்கலைத் தடுக்க எல்லோருக்கும் ஆஸ்பிரின் தொடங்கலாமா?

---

மருதாணி

வலிப்பின்போது: இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஆக்சிஜன் கொடுங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். மருந்து மக்னீசியம் சல்பேட். தொடக்க டோஸ் 4 கிராம், 20 சதவீதக் கரைசலாக நரம்பில் மெதுவாக. கூடவே 50 சதவீதக் கரைசல் 5 கிராம் வீதம் இரண்டு பிட்டத்திலும் ஆழமாகத் தசையில். மொத்தம் 14 கிராம். சிறிய மையம் இதைக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கொடுக்காமல் வண்டியில் ஏற்றினால் வழியில் அடுத்த வலிப்பு வரும். பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பிட்டம் மாற்றி மாற்றி. பிரசவம் அல்லது கடைசி வலிப்பு, எது பின்னால் நடந்ததோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை.

ஒவ்வொரு டோஸுக்கும் முன் மூன்று சோதனை: முழங்கால் சிப்பிக்குக் கீழே தட்டினால் கால் துள்ள வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த டோஸை நிறுத்திவையுங்கள். மூச்சு தளர்ந்தால் 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. நரம்பில் மெதுவாக. மருந்து வைத்திருக்கும் தட்டிலேயே இதுவும் இருக்க வேண்டும். தேடி ஓடுகிற நேரத்தில் மூச்சு நின்றுவிடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளை பிறந்ததும் பிபி கவலை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6-வது நாள் வரையில்தான் பிபி உச்சத்துக்குப் போகும். பெரும்பாலான பெண்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த நாட்களில் ஒருவர் போய் அளக்க ஏற்பாடு செய்யாவிட்டால் டிஸ்சார்ஜ் முழுமையில்லை.

ஆஸ்பிரின்: எல்லோருக்கும் இல்லை. தலைப்பிரசவம் நடுத்தர ஆபத்துக் காரணி மட்டுமே. அதோடு இன்னொன்று சேர வேண்டும்: தாய்க்கோ சகோதரிக்கோ இதே நோய் இருந்தது, இரட்டைக் கரு, மிக அதிக உடல் எடை போன்றவை. ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், நீரிழிவு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) இருந்தால் அது ஒன்றே போதும். அளவு தினமும் 75 முதல் 150 மி.கி. 12-வது வாரத்தில் தொடங்குவது நல்லது, 20-க்கு முன்பாவது தொடங்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் என்றாலே ரை நோய்க்குறி (மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்) பற்றிய எச்சரிக்கை இருப்பதால், அந்த வயதில் முடிவை நிபுணரிடம் விடுங்கள். 28 வாரத்தில் வருகிறவளுக்கு இந்த வாய்ப்பே கைநழுவிவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

---

பிரசவஅறை

மருத்துவச்சியாக ஒரு விஷயத்தில் பலருடைய நினைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. "சின்னப் பெண், இடுப்பு போதாது, சிசேரியன்தான்" என்பது 17, 18 வயதினருக்குப் பொருந்தாது. வசதியுள்ள நாடுகளில் பதின்வயதினருக்குச் சிசேரியன் விகிதம் மூத்தவர்களைவிடக் குறைவு. கர்ப்பப்பை நன்றாகச் சுருங்குகிறது, பிரசவம் நன்றாகவே நகர்கிறது. வயதைக் காரணம் காட்டிக் கத்தி வைத்தால், அந்தத் தழும்பை அவள் இன்னும் 20, 25 வருடக் கர்ப்பங்களுக்குச் சுமக்க வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், பூப்பெய்தி ஓரிரு வருடமே ஆன, ஊட்டம் குறைந்து உயரமும் குறைந்த சிறுமியிடம். உயரம் முழுதாக வளர்ந்துவிட்டதுபோல் தெரியும். ஆனால் இடுப்புக்கூட்டின் வழி உயரத்தோடு சேர்ந்து வளர்வதில்லை, பின்தங்கித்தான் விரிகிறது. ஆளைப் பார்த்து அளவை மதிப்பிட முடியாது.

அடைபட்ட பிரசவத்தில் தலைப்பிரசவத்துக்கென்று ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே பெற்ற பெண்ணுக்கு வழி அடைத்தால் கர்ப்பப்பை மேலும் மேலும் இறுகிக் கிழியும் ஆபத்து அதிகம். முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை களைத்து வலி தளர்ந்துபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "வலி நின்றுவிட்டது, ஓய்வெடுக்கிறாள்" என்று தோன்றும். உள்ளே குழந்தையின் தலை சிறுநீர்ப்பையையும் யோனிச் சுவரையும் இடுப்பெலும்போடு அழுத்திக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் ரத்த ஓட்டம் இல்லாமல் அந்தத் திசு செத்து, சில நாளில் உதிர்ந்து ஓட்டை விழும். ஃபிஸ்டுலா எனப்படும் இந்த ஓட்டை இளவயதுத் தலைப்பிரசவத்தோடு இவ்வளவு பின்னிக் கிடப்பது இதனால்தான். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய்க்குச் சிறுநீர் ஓயாமல் ஒழுகும்.

பார்க்க வேண்டியவை: கர்ப்பப்பை வாய் ஐந்து செ.மீ. திறந்த பிறகு, பிரசவ முன்னேற்ற வரைபடத்தில் வாயும் மேலே திறக்கவில்லை, தலையும் இறங்கவில்லை, தலையில் வீக்கம் கூடுகிறது, மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிரிக்க முடியாமல் இருக்கின்றன, சிறுநீரில் ரத்தம், தாயின் நாடி ஏறுகிறது. இவை இருக்கும்போது ஆக்சிடோசின் சொட்டு ஏற்றுவது பெருந்தவறு. அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் வலி கூட்ட வேண்டும்.

---

செவிலிமாணவி

> சில நாளில் உதிர்ந்து ஓட்டை விழும்

பிரசவம் முடிந்த கையோடு தெரியாதா? அப்படியானால் நாம் என்ன செய்து தடுக்கலாம்?

---

பிரசவஅறை

உடனே தெரியாது. பொதுவாக மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில்தான் ஒழுக்கு தொடங்கும். அதனால் நீண்ட நேரம் அடைபட்ட பிரசவம் என்றால், சிசேரியன் ஆகியிருந்தாலும் சரி, சிறுநீர்க் கதீட்டரை மறுநாளே எடுத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் வையுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், பை நிரம்பி அடைக்காமல் பாருங்கள். சிறுநீர்ப்பை சுருங்கியே இருந்தால் நைந்த திசுவுக்கு ஆற வாய்ப்பு கிடைக்கும். சிறிய, புதிய ஓட்டையாக இருந்தால் நான்கு வாரம் வரை கதீட்டர் வைத்தே சில தானாக மூடிக்கொள்கின்றன. பழகிப்போன ஓட்டைக்கு அறுவை சிகிச்சைதான். சரியான பிறகு அடுத்த பிரசவம் திட்டமிட்ட சிசேரியனாக இருக்க வேண்டும்.

ஒழுகுகிற பெண்ணை "சிறுநீர் அடக்கத் தெரியவில்லை" என்று திட்டி அனுப்பும் இடங்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இது சிகிச்சை உள்ள நோய்.

---

ஊட்டநிலை

ரத்தசோகை பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

வளரும் பருவம் தன்பங்குக்கு இரும்புச்சத்தை இழுக்கிறது. மாதவிலக்கு சில வருடமாக இழக்கவைத்திருக்கிறது. கர்ப்பம் இன்னும் கேட்கிறது. சேமிப்பு காலியான நிலையில்தான் பெரும்பாலானோர் கருத்தரிக்கிறார்கள். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை, நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழே. ஏழுக்குக் கீழே கடுமையானது, மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். இதன் விலை பிரசவத்தன்று தெரியும்: ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் அரை லிட்டர், முக்கால் லிட்டர் ரத்த இழப்பைத் தாங்குவாள், 6 உள்ளவள் அதிலேயே அதிர்ச்சிக்குப் போய்விடுவாள்.

தடுப்புக்குத் தினமும் 30–60 மி.கி. இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். எண் குறைந்திருந்தால் இரும்பை 120 மி.கி. ஆக்கி, சரியானதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். இங்கே சொல்வது மாத்திரையின் மொத்த எடை அல்ல, அதிலுள்ள இரும்பு. 60 மி.கி. இரும்பு வேண்டுமென்றால் ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 300 மி.கி., ஃபெரஸ் ஃபியூமரேட் 180 மி.கி., ஃபெரஸ் குளுக்கோனேட் 500 மி.கி. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் கொடுத்தால் பாதி அளவுதான் உள்ளே போகும்.

கால்சியம் மாத்திரையோடும் டீ, காபியோடும் இரும்பு சேராது. நடுவில் சில மணி நேரம் விடுங்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது "சாப்பிடுகிறாயா?" என்றுதான். மலம் கறுப்பது, குமட்டல், மலச்சிக்கல் இவற்றுக்குப் பயந்து ஒளித்துவைத்திருப்பார்கள். மலம் கறுப்பது இயல்பு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறாவிட்டால் தாலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு), குடற்புழு, தொற்று என்று தேட வேண்டும். வாயால் தாங்காதவர்களுக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு நரம்பு வழி இரும்பு உண்டு.

ஃபோலிக் அமிலத்தில் தாமதம் இன்னும் கொடியது. கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதையே கவனிக்காத பெண்ணுக்கு அந்தக் கெடு முடிந்தே போயிருக்கும். அதற்காக இனி வேண்டாம் என்று விடக் கூடாது, ரத்த உற்பத்திக்கு அது தேவை.

எடையில் ஒரு பொறி உண்டு. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் தாய் நன்றாக எடை போட்டும் குழந்தை சிறிதாகப் பிறக்கலாம். தாயும் சிசுவும் ஒரே ஊட்டத்துக்குப் போட்டியிடும்போது ஒரு பகுதி தாயின் சொந்த வளர்ச்சிக்கே போய்விடுகிறது. அதனால் "எடை ஏறுகிறது, எல்லாம் நலம்" என்று கர்ப்பப்பை உயரத்தை அளக்காமல் விட வேண்டாம். 24 வாரத்துக்குப் பிறகு செ.மீ. கணக்கும் வாரக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், மூன்று செ.மீ.க்கு மேல் குறைந்தால் ஸ்கேன். மொத்தமாக ஏற வேண்டியது: பிஎம்ஐ 18.5-க்குக் கீழ் இருந்தவருக்கு 12.5–18 கிலோ, 18.5–24.9 இருந்தவருக்கு 11.5–16 கிலோ. கால்சியம் 18 வயது வரை தினமும் 1300 மி.கி. வேண்டும். உணவில் கால்சியம் மிகக் குறைந்த இடங்களில் 1.5 முதல் 2 கிராம் வரை பிரித்துக் கொடுப்பது பிபி சிக்கலையும் குறைக்கிறது.

---

மருதாணி

ஊட்டநிலை சொன்ன வாரக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்றால் நாள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பூப்பெய்திய முதல் சில வருடங்களில் மாதவிலக்கு ஒழுங்காக வராது. கடைசித் தேதியை நினைவு வைத்திருப்பவர்களும் குறைவு. 11 முதல் 14 வாரத்துக்குள் தலையிலிருந்து பிட்டம் வரை சிசுவின் நீளத்தை அளந்தால் தேதி ஒரு வாரத்துக்குள் துல்லியமாக வரும். கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம் வரை தவறும். அப்போது 36 வாரக் குறைப்பிரசவமா, 39 வாரத்தில் சிறுத்த குழந்தையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

முதல் விசிட்டில் தவறக் கூடாதவை என்று கேட்டீர்கள். ஹீமோகுளோபின், ரத்த வகையும் ஆர்ஹெச்சும், எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, பிபி, தேதி ஸ்கேன், டெட்டனஸ்–டிப்தீரியா தடுப்பூசி நிலவரம், சிறுநீர் கல்ச்சர். இந்த வயதில் பலர் விடுவது கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகளுக்கான சோதனைகள். 25 வயதுக்குக் கீழே இவை அதிகம், பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. கிளமிடியாவுக்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே டோஸ். டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. துணைக்கும் சிகிச்சை செய்யாவிட்டால் திரும்பவும் வரும். நான்கு வாரம் கழித்துத் தீர்ந்ததா என்று பார்த்து, மூன்று மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். எரிச்சலே இல்லாத சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான். விட்டுவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சலோடு பிரசவ வலியைக் கிளப்பிவிடும்.

---

சிசுநலம்

மருதாணி சொன்ன அந்தக் குழப்பம் குழந்தைப் பிரிவில் அப்படியே வந்து இறங்கும். 2500 கிராமுக்குக் கீழே எல்லாம் "எடை குறைந்த குழந்தை"தான். ஆனால் 34 வாரத்தில் பிறந்த 2100 கிராமுக்கு நுரையீரலும் பால் உறிஞ்சும் திறனும் பிரச்சினை. 39 வாரத்தில் பிறந்த 2100 கிராமுக்குச் சர்க்கரை தாழ்வதும் உடல் குளிர்வதும் பிரச்சினை.

34 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. குழந்தையின் நுரையீரலுக்கு இதைப்போல் பலன் தரும் மலிவான மருந்து வேறில்லை. வாரம் உறுதியாகத் தெரிந்தால்தான் கொடுக்க முடியும் என்பதால் இதுவும் அந்த ஆரம்ப ஸ்கேனில் போய்த்தான் நிற்கிறது.

பிறந்த பிறகு கங்காரு பராமரிப்பு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். டயபர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, கைகால் தவளைபோல் மடங்கியிருக்க, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடை நெஞ்சில் முட்டாமல் லேசாக நிமிர்த்தி, துணியால் கட்ட வேண்டும். தாடை மடங்கினால் மூச்சு அடைக்கும். இளம் தாய்க்குக் கண்ணாடியில் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வாள். வெப்பம் 36.5–37.5.

"சின்னப் பெண், பால் சுரக்காது" என்பது முற்றிலும் தவறு. சுரக்கும். குறைவது உதவி. முதல் மணி நேரத்தில் மார்பில் போடுவது, வாய் அகலத் திறந்து கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே போகிறதா என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. முதல் மூன்று நாள் அப்படி ஒருவர் இருந்துவிட்டால் பால் கொடுப்பது பெரும்பாலும் நிலைத்துவிடும். குழந்தையைப் பாட்டி வாங்கிக்கொண்டு புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கினால்தான் சுரப்பு வற்றுகிறது.

---

அகல்விளக்கு

எல்லோரும் தாமதம், தாமதம் என்கிறீர்கள். ஏன் தாமதமாகிறது என்பதற்கு ஆலோசகராக என் பக்கத்தைச் சொல்கிறேன். பயம். வீட்டில் தெரிந்துவிடும், அடிப்பார்கள், படிப்பு போய்விடும், மருத்துவமனையில் கேவலமாகப் பேசுவார்கள். இந்த நான்கில் கடைசியை மாற்றுவது முழுக்க நம் கையில் இருக்கிறது. முதல் விசிட்டில் ஒரு நர்ஸ் முகம் சுளித்தால் இரண்டாவது விசிட் இல்லை.

கூட வந்தவரை வெளியே உட்காரவைத்து, ஐந்து நிமிடமாவது தனியாகப் பேச வேண்டும். "எல்லோரிடமும் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். கேள்வி கேட்பதற்கு முன்பே எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதைச் சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்று அவளிடம் தெரிவித்துவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு "இதை நான் புகார் செய்ய வேண்டும்" என்றால் அவள் வாழ்நாளில் எந்த மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டாள். 13, 14 வயது என்றால் வன்முறை நடந்ததா என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். துணையின் வயது என்ன, மறுத்தால் என்ன நடக்கும், வீட்டில் யாரைப் பார்த்துப் பயம் என்று எளிய கேள்விகள் போதும்.

கர்ப்பத்தைக் கலைக்க ரகசியமாக எதையாவது செய்துகொண்டவளும் வருவாள். காய்ச்சல், நாற்றமுள்ள ஒழுக்கு, அடிவயிற்று வலி, ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் வீதம் அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் நனைவது, இவை இருந்தால் விசாரணை அப்புறம், உயிர் முதலில்.

பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வும் இந்த வயதில் அதிகம். எடின்பரோ கேள்வித்தாள் பத்தே கேள்விதான். நான்கு முதல் ஆறு வாரத்தில் அவளே நிரப்பட்டும். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மதிப்பீடு. மொத்த எண் குறைவாக இருந்தாலும் பத்தாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது. பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும் அன்றே பேச வேண்டும்.

---

எண்கணி

அகல்விளக்கு சொன்னதை எண்ணாகவும் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது எட்டு சந்திப்பு: 12 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40. ஐந்தாம் மாதம் முடிந்து வருகிறவள் முதல் இரண்டை இழக்கிறாள். இந்த இழையில் வந்த தேதி ஸ்கேன், ஆஸ்பிரின், ஆரம்ப பிபி எல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கின்றன. அதனால் செவிலிமாணவியின் கேள்விக்கு என் பதில்: 15-க்குக் கீழே உடலின் பங்கு பெரிது, அதை யாரும் சரிக்கட்ட முடியாது, கவனமாகப் பார்க்கத்தான் முடியும். 17-க்கு மேலே பெரும்பகுதி தாமதத்தின் பங்கு. "ஹை ரிஸ்க்" என்று எழுதினால் போதாது; எதனால் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

---

செவிலிமாணவி

அப்படியே எழுதுகிறேன். கடைசியாக ஒன்று: அடுத்த குழந்தைக்கு எவ்வளவு இடைவெளி? 18-க்குக் கீழ் உள்ளவர்களுக்குக் காப்பர் டி போடக் கூடாது என்கிறார்களே, சரியா?

---

மருதாணி

சரியில்லை. பூப்பெய்தியதிலிருந்து எந்த வயதிலும் போடலாம்; வயது தடையே இல்லை. குழந்தை பிறந்த பின் அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது, கருச்சிதைவுக்குப் பின் ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும். பதின்வயதில் இரண்டாவது கர்ப்பம் சீக்கிரம் வந்தால் குறைப்பிரசவமும் ரத்தசோகையும் முதல் முறையைவிட மோசமாகலாம். அதனால் பேச்சைக் கர்ப்பகாலத்திலேயே தொடங்கி, அவள் விருப்பத்தை எழுதிவையுங்கள். பிரசவ வலியில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

தாய்ப்பால் கொடுப்பவருக்குக் கைக்குள் வைக்கும் கருத்தடை இம்ப்ளாண்ட் டிஸ்சார்ஜுக்கு முன்பே வைக்கலாம். மூன்று மாதக் கருத்தடை ஊசி ஆறு வாரத்துக்குப் பிறகு. 18-க்குக் கீழே எலும்பு அடர்த்தி சற்றுக் குறைவதால் வேறு வழி பிடித்திருந்தால் அதை முதலில் பார்க்கலாம், ஊசி மட்டும்தான் சரிப்படும் என்றால் மறுக்க வேண்டாம். கலப்பு ஹார்மோன் மாத்திரையைப் பால் கொடுக்கும்போது ஆறு வாரத்துக்குள் தொடவே கூடாது, ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது. "பால் கொடுத்தால் கரு தங்காது" என்பது மூன்றும் சேர்ந்தால் மட்டுமே: தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு இன்னும் வரவில்லை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை. ஒன்று மாறினாலும் அன்றே வேறு முறை.

காப்பர் டி என்றால் நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள். அதைத் தவறவிட்டால் நான்கு வாரம் கழித்து. பிரசவத்தோடு போட்டது தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு சற்று அதிகம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆறாவது வாரம் நூலைப் பார்க்க வேண்டும். நூல் தெரியவில்லை என்றால் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டாமல் ஸ்கேன் எடுங்கள். நூல் கர்ப்பப்பைக்குள் சுருண்டிருப்பதும் உண்டு. ஸ்கேன் முடிவு வரும்வரை ஆணுறை.